ஒன்றரை மணி நேரச் சான்றிதழை நம்பித் துப்பாக்கி எடுக்கப்போகும் நம்மவர்களுக்கு

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் ஊர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க் வந்தது. வீட்டில் இருந்தபடியே ஒன்றரை மணி நேரம் வீடியோ பாருங்கள், கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள், கையில் சான்றிதழ். அதை வைத்து வாங்கும், துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான பர்மிட் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் செல்லும் என்று போட்டிருந்தது. கீழே ஏழெட்டுப் பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். ஒரு தம்பி, இப்போதுதான் கல்யாணம் ஆனவர், "அண்ணே, இது உண்மையா? நானும் வொய்ஃபும் சேர்ந்து முடிச்சிடலாம்னு இருக்கோம்" என்று என்னைத் தனியாகக் கேட்டார். அவருக்கு நாலு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அதனால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். வர்ஜீனியாவில், ஐ-95 நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ராத்திரி பத்தரைக்குக் கடையைப் பூட்டிவிட்டு அன்றைய ரொக்கத்தோடு கார் வரைக்கும் தனியாக நடக்க வேண்டும். பக்கத்து கேஸ் ஸ்டேஷனில் ஒருமுறை கொள்ளை நடந்த பிறகு வீட்டில் தூக்கம் போனது, அப்படித்தான் 2019இல் கைத்துப்பாக்கி வாங்கினேன், மறைத்து எடுத்துச் செல்லும் பர்மிட்டும் வாங்கினேன். ஆகவே துப்பாக்கியே கூடாது என்று சொல்ல வந்தவன் இல்லை நான். பர்மிட் வைத்திருப்பவன், இன்றைக்கும் கடைக்குப் போகும்போது இடுப்பில் எடுத்துப் போகிறவன், அந்த இடத்திலிருந்துதான் பேசுகிறேன்.

அந்த பர்மிட்டை நான் எப்படி வாங்கினேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும். அப்போது வர்ஜீனியாவில் ஆன்லைன் பயிற்சியை ஏற்றுக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, பக்கத்தில் என் மனைவி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்க, வீடியோவைப் பார்த்தேன். கேள்வி 20. எல்லாம் சரி. அதில் ஒன்று இன்னும் நினைவிருக்கிறது: துப்பாக்கியின் வாயை எப்போதும் எந்தப் பக்கம் வைத்திருக்க வேண்டும்? ஆபத்தில்லாத பக்கம். டிக் அடித்தேன், பச்சை விளக்கு எரிந்தது. சான்றிதழை அச்செடுத்துக் கோர்ட் கிளார்க்கிடம் விண்ணப்பத்தோடு கொடுத்தேன், ஒரு மாதத்துக்குள் பர்மிட் தபாலில் வீட்டுக்கு வந்துவிட்டது. அதுவரை நான் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. சட்டப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை.

அப்புறம் ஏதோ ஒரு உறுத்தலில், பக்கத்தில் இருந்த ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்குப் போய் ஒரு பயிற்றுநரிடம் இரண்டு மணி நேரத்துக்குப் பணம் கட்டினேன். அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, ஓய்வுபெற்ற போலீஸ்காரர். ஏழு கஜ தூரத்தில் குறி அட்டையை மாட்டிவிட்டுப் பத்து தோட்டா போடச் சொன்னார். ஏழு கஜம் என்றால் நம் வீட்டுக் கூடத்தின் நீளம், அவ்வளவுதான். நான்கு அட்டையில் பட்டது, மீதி எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. இடது கட்டைவிரலைத் துப்பாக்கியின் பின்பக்கம் குறுக்காக வைத்துப் பிடித்திருந்தேன், மேல் பாகம் பின்னால் பாய்ந்து வந்து விரலின் தோலைக் கிழித்துவிட்டது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி சுட்டேன். ஆறாவதோ ஏழாவதோ சுடும்போது தோட்டா உள்ளே மாட்டிக்கொண்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "மேடம், இங்கே பாருங்கள், சிக்கிக்கொண்டது" என்று காட்டுவதற்காகத் துப்பாக்கியைக் கையில் பிடித்தபடியே அவர் பக்கம் திரும்பினேன். விரல் ட்ரிகரில் இருந்தது.

அவர் கத்தவில்லை. ஒரே அடி முன்னால் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, துப்பாக்கியின் வாயை மறுபடி அட்டை இருந்த பக்கமே திருப்பினார். பிடித்த பிடி இரும்புபோல இருந்தது. அடுத்த தடுப்பில் ஒரு அப்பாவும் பதினாறு பதினேழு வயதுப் பையனும் சுட்டுக்கொண்டிருந்தார்கள், நான் திரும்பிய அரை நொடியில் அந்தப் பையனும் என் துப்பாக்கியின் நேர்க்கோட்டில் இருந்தான். என்னைப் பின்னால் இருந்த பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் என் கை நடுங்கிக்கொண்டிருப்பதே எனக்குத் தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் பச்சை விளக்கு எரிந்த அதே கேள்விதான். பதில் என் தலையில் இருந்தது, கைக்கு அது போய்ச் சேரவே இல்லை.

இதனால்தான் அந்த லிங்க்கைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது.

சரி, ஆன்லைனில் படிப்பதே தப்பா என்று கேட்டால், இல்லை. சட்டத்தை ஆன்லைனில் படிப்பது நல்லது என்றுகூடச் சொல்வேன். எங்கே எடுத்துப் போகலாம், எங்கே கூடாது, எந்த நிலையில் சுட்டால் தற்காப்பு, எந்த நிலையில் கொலை, இதையெல்லாம் நிறுத்தி நிதானமாக, இரண்டாம் முறை ஓட்டிப் பார்த்துப் படிக்க வீடுதான் வசதி. டெக்சாஸ் இதைச் சரியாகப் பிரித்திருக்கிறது. அங்கே உரிமத்துக்கான வகுப்புப் பாடத்தை ஆன்லைனில் முடித்துக்கொள்ளலாம், ஆனால் ரேஞ்சுக்கு நேரில் போய்ப் பயிற்றுநர் முன்னால் சுட்டுக் காட்டியே ஆக வேண்டும். 50 தோட்டா, 3 கஜம், 7 கஜம், 15 கஜம் என்று மூன்று தூரத்திலிருந்து. 250 புள்ளிக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஒழுங்காகப் பயிற்சி எடுத்த யாரும் தேறிவிடலாம். ஆனால் என்னைப் போல் ட்ரிகரில் விரலை வைத்துக்கொண்டு திரும்புகிற ஆளை அந்த இடத்தில் ஒரு மனிதர் கண்ணால் பார்த்துப் பிடித்துவிடுவார்.

டென்னசியில் வேறு மாதிரி. 2020 ஜனவரியிலிருந்து அங்கே இரண்டு வகை பர்மிட். ஒன்றுக்கு எட்டு மணி நேரம் நேர்முகப் பயிற்சி. இன்னொன்று மறைத்து எடுத்துச் செல்ல மட்டும், அதற்கு ஒன்றரை மணி நேர ஆன்லைன் பாடமே போதும், ஒரு தோட்டா சுட வேண்டியதில்லை. எங்கள் வர்ஜீனியா நேர் எதிர்த் திசையில் போனது. 2020இல் சட்டத்தைத் திருத்தி, 2021 ஜனவரி 1 முதல் ஆன்லைன் பயிற்சி செல்லாது, நேரில்தான் எடுக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அதற்கு முன்பு வேறு மாநிலத்துக்காரர்கள்கூட வர்ஜீனியாவில் கால் வைக்காமலே ஆன்லைனில் பாடத்தை முடித்து, வெளி மாநிலத்தவருக்கான பர்மிட்டை ஸ்டேட் போலீஸிடம் விண்ணப்பித்து வாங்கினார்கள், ஏனென்றால் அது பல மாநிலங்களில் செல்லுபடியானது. ஆனால் பழைய ஆட்களை அந்தத் திருத்தம் தொடவில்லை. ஒருமுறை காட்டிய பயிற்சிச் சான்று காலாவதி ஆகாது என்று இங்கே சட்டத்திலேயே இருக்கிறது. ஐந்து வருடம் கழித்து என் பர்மிட்டைப் புதுப்பித்தபோதும் யாரும் என்னைச் சுட்டுக் காட்டச் சொல்லவில்லை. அந்த வெண்டைக்காய் நறுக்கிய ஞாயிற்றுக்கிழமைதான் இன்று வரை என் தகுதிக்கு ஆதாரம்.

அடுத்தது அந்த "முப்பது மாநிலங்கள்" விஷயம். இதில்தான் நம் ஆட்கள் நிஜமாகவே மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று பயப்படுகிறேன்.

ஒரு மாநிலத்தின் பர்மிட்டை இன்னொரு மாநிலம் ஏற்பது என்பது இரண்டு மாநிலங்களுக்கு இடையிலான சங்கதி, நாளைக்கே மாறும். 2015 டிசம்பரில் வர்ஜீனியாவின் அன்றைய அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வக்கீல்) மார்க் ஹெரிங், 25 மாநிலங்களின் பர்மிட் இனி இங்கே செல்லாது என்று அறிவித்தார். அடுத்த மாதமே கவர்னரும் எதிர்த் தரப்பும் பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்து, 2016 ஜூலையிலிருந்து எல்லா மாநிலத்துப் பர்மிட்டையும் சில நிபந்தனைகளோடு ஏற்பதாகச் சட்டம் செய்தார்கள். ஏழு மாதத்துக்குள் இப்படியும் அப்படியும். விளம்பரத்தில் இருக்கும் வரைபடம் எந்தத் தேதியில் வரைந்தது என்று யாராவது பார்த்தீர்களா?

ஒரே மாநிலத்தின் இரண்டு பர்மிட்டுக்கும் ஒரே மதிப்பும் கிடையாது. ஐடஹோவில் சாதாரண பர்மிட் ஒன்று, கூடுதல் பயிற்சிக்கான பர்மிட் ஒன்று. இரண்டாவதற்கு எட்டு மணி நேர வகுப்பு, 98 தோட்டா சுட வேண்டும். சில மாநிலங்கள் இந்த இரண்டாவதை மட்டும் ஏற்கும், முதலாவதைத் திருப்பிவிடும். நாம் வீட்டிலிருந்தே எளிதாக வாங்கும் பர்மிட்டைத்தான் மற்ற மாநிலங்கள் முதலில் தள்ளுபடி செய்கின்றன. அந்த விளம்பரம் இதைச் சொல்லவே இல்லை.

2024 கணக்குப்படி 29 மாநிலங்களில், தகுதியுள்ளவர் பர்மிட்டே இல்லாமல் மறைத்து எடுத்துச் செல்லலாம். வெர்மான்ட்டில் எந்தக் காலத்திலும் பர்மிட் என்று ஒன்று இருந்ததே இல்லை, அதனால் அந்த ஊர்க்காரர் வெளியூர் போகும்போது காட்டுவதற்குச் சொந்த மாநிலத்துக் காகிதம்கூட அவரிடம் இருக்காது. அப்படியானால் இந்த ஆன்லைன் கூட்டத்துக்கு வியாபாரம் எங்கே? பயணத்தில்தான். மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களின் பயத்தைத்தான் விற்கிறார்கள். அப்படி விற்கிறவர்கள் பயணத்தில் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், சொல்வதில்லை, நான் சொல்கிறேன்.

2013இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு பெண், இரண்டு குழந்தைகளுக்குத் தாய், பென்சில்வேனியா பர்மிட்டோடு நியூ ஜெர்சிக்குள் காரில் போனார். போக்குவரத்து விதிமீறல் என்று போலீஸ் நிறுத்தியது. என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, பர்மிட்டும் இருக்கிறது என்று அவரே சொன்னார். நியூ ஜெர்சி வேறு எந்த மாநிலத்தின் பர்மிட்டையும் ஏற்காது. கைது. குறைந்தது மூன்றரை வருடம் சிறை என்கிற நிலைமை வரை போய், கடைசியில் 2015இல் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு கொடுத்த பிறகுதான் அவர் மீண்டார். உண்மையைச் சொன்ன ஒரு தாய். பர்மிட் எல்லா இடத்திலும் செல்லும் என்று நம்பியதுதான் அவர் செய்த தப்பு.

துப்பாக்கியோடு மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களை 1986ஆம் வருட மத்தியச் சட்டம் பாதுகாக்கும் என்று சிலர் சொல்வார்கள். முழுசாகப் படியுங்கள். கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் நீங்கள் சட்டப்படி அதை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உரிமை உள்ளவராக இருக்க வேண்டும். நடுவில் கடக்கும் மாநிலங்களில் தோட்டாவை எடுத்துவிட்டு, கைக்கு எட்டாத இடத்தில், டிக்கியில் வைத்திருக்க வேண்டும். டிக்கி இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டியில். அதுவும் டாஷ்போர்டு அறையைப் பூட்டி வைத்தால் போதாது, சட்டமே அதை விலக்கிச் சொல்கிறது. யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் 2005இல் பென்சில்வேனியாவுக்குப் போகும் வழியில், நியூ ஜெர்சியின் நூவர்க் விமான நிலையத்தில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டார். பெட்டி அவர் கைக்கு வந்தது, அதற்குள் முறைப்படி பூட்டிய துப்பாக்கி. ஓட்டலில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் விமான நிலையத்துக்கு வந்தபோது கைது செய்தார்கள், சில நாள் சிறையிலும் இருந்தார். வழக்கை அப்புறம் கைவிட்டாலும், அவர் நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கில் 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா, அந்த ராத்திரி பெட்டி கைக்கு எட்டும்படி இருந்தது, ஆகவே பாதுகாப்பு கிடையாது என்றது.

என் தங்கை நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறாள். பொங்கலுக்கோ பிள்ளைகள் பிறந்தநாளுக்கோ அவள் வீட்டுக்குக் கிளம்பும் அன்று காலை, இடுப்பிலிருந்து எடுத்து, மேகசினைக் கழற்றி, உள்ளே ஒரு தோட்டாவும் இல்லை என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்து, படுக்கையறைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் காரில் ஏறுவேன். எங்கள் ஊரிலிருந்து போடோமாக் ஆற்றைத் தாண்டினால் மேரிலாந்து, அங்கே என் பர்மிட் வெறும் காகிதம். பக்கத்தில் தலைநகர் வாஷிங்டன், அங்கேயும் அப்படித்தான். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் நான் உரிமம் உள்ளவன் என்பது மாறிக் குற்றவாளி ஆகிவிடுவேன், நடுவில் ஒரு பாலம் மட்டும்தான்.

தெற்கே வட கரோலினா பக்கம் போனால் என் பர்மிட் செல்லும். அங்கேயும் விதி வேறு. போலீஸ்காரர் வந்து பேசினால், அவர் கேட்காமலே, என்னிடம் பர்மிட் இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது என்று நானே சொல்லிவிட வேண்டும். வர்ஜீனியாவில் கேட்டால் காட்டினால் போதும். அப்புறம் ஒரு விஷயம், இது ரொம்பப் பேருக்குத் தெரியாது: பள்ளிக்கூடத்திலிருந்து ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற மத்தியச் சட்டத்தில், பர்மிட்டுக்கான விலக்கு, அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த பர்மிட் இருந்தால்தான் கிடைக்கும். மற்ற மாநிலத்துப் பர்மிட்டை அந்த மாநிலம் ஏற்றுக்கொண்டிருந்தாலும் சட்டத்தின் வாசகம் அதற்கு இடம் தரவில்லை. ஆயிரம் அடி எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று வண்டி ஓட்டும்போது யாருக்குத் தெரியும்?

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்றை நம்மவர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எச்1பி, எஃப்1, எல்1 என்று வேலைக்கோ படிப்புக்கோ வந்து விசாவில் இருக்கும் தம்பி தங்கைகளே, அந்த லிங்க்கில் உங்கள் பெயரையும் கேட்கும், பணத்தையும் வாங்கும், சான்றிதழும் கொடுத்துவிடும். ஆனால் குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே மத்தியச் சட்டம் தடை போட்டிருக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, அவற்றை வக்கீலிடம் கேட்காமல் நம்பாதீர்கள். 2022 திருத்தத்துக்குப் பிறகு அந்தக் குற்றத்துக்குத் தண்டனை 15 வருடம் வரை. க்ரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. பத்து வருடம் வரிசையில் நின்று க்ரீன் கார்டுக்காகக் காத்திருக்கிற ஒருவர், குழுவில் வந்த ஒரு லிங்க்கால் எல்லாவற்றையும் இழந்துவிடக் கூடாது. என்னிடம் தனியாகக் கேட்ட அந்தத் தம்பியும் எச்1பிதான். அவர் மனைவி அவரைச் சார்ந்து வரும் எச்4. தெரியாமல்தான் கேட்டார்.

அப்படியென்றால் எல்லா மாநிலமும் எல்லாப் பர்மிட்டையும் ஏற்க வேண்டும் என்று மத்தியிலேயே சட்டம் வந்தால் சரியாகிவிடுமே என்று கேட்பீர்கள். அதற்கான மசோதா 2017 டிசம்பரில் கீழவையில் 231க்கு 198 என்று தேறியது, செனட்டில் நகரவில்லை. 2025 ஜனவரியில் எச்.ஆர். 38 என்ற எண்ணில் மறுபடி கொண்டுவந்தார்கள். எனக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும்தான், அந்தப் பிலடெல்பியாத் தாய்க்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது. ஆனால் அந்த மசோதாவில் பயிற்சிக்கென்று ஒரு பொதுவான கீழ் வரம்பு கிடையாது. டிரைவிங் லைசென்ஸ் மாதிரிதானே இதுவும் என்று அதன் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் லைசென்ஸ் வாங்கும்போது பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துச் சாலையில் ஓட்டிக் காட்டினோமே, அதையும் சேர்த்து ஒப்பிட வேண்டாமா? நியூயார்க் 2022இல் 16 மணி நேர நேர்முக வகுப்பு, 2 மணி நேரம் ரேஞ்ச் என்று வைத்தது. கூலி வேலை செய்கிறவர் இரண்டு நாள் சம்பளத்தை விட்டு அதற்குப் போக வேண்டும், அது எனக்கு அதிகமாகத்தான் படுகிறது. வசதி உள்ளவனுக்கு மட்டும் உரிமை என்று ஆகிவிடும். சட்டப் பாடம் ஆன்லைனில், கை வேலை நேரில், அரை நாள், கட்டணம் குறைவாக. இவ்வளவு இருந்தால் ஒரு மாநிலம் இன்னொன்றை நம்ப முடியும். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுகிறவர்கள் அந்த வரியையும் சேர்த்து எழுதுங்கள், நான் எழுதிவிட்டேன்.

குழுவை நடத்தும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். அந்த லிங்க்கை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் பாடத்தைப் பாருங்கள், சட்டப் பகுதி உபயோகப்படும், ஆனால் ரேஞ்சில் ஒரு பயிற்றுநர் உங்கள் கையைப் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே கிளம்பாதீர்கள்.

வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் அதே ரேஞ்சுக்குப் போகிறேன். அதே அம்மாதான் இன்னும் சொல்லித் தருகிறார். அன்றைக்குக் கடையை என் மனைவி பார்த்துக்கொள்வாள். குடியுரிமையோ க்ரீன் கார்டோ உள்ளவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம், முதல் மணி நேரத்துக்கான கட்டணம் என் பொறுப்பு, காதுக்கும் கண்ணுக்கும் போடுகிற கவசம் என்னிடம் கூடுதலாக இரண்டு செட் இருக்கிறது. விசாவில் இருப்பவர்கள் ரேஞ்சுக்கு வர வேண்டாம், மதியம் கடைக்கு வாருங்கள், டீ குடித்தபடி பேசலாம். அந்தத் தம்பிக்கும் இதையே சொல்லியிருக்கிறேன், வருகிறேன் என்றிருக்கிறார்.

அன்புடன்,
ஐ-95 ஓரத்து மளிகைக் கடைக்காரர்
வர்ஜீனியா